பாதியில் நின்ற ஆட்டம்

சமணர்களிடம் ஒரு கதை உண்டு. ஆதிநாதர் துறவியாவதற்கு முன் அரசராக இருந்தவர். அவருடைய சபையில் ஒருநாள் நீலாஞ்சனை ஆடுகிறாள். தேவலோகத்துப் பெண், இந்திரன் அனுப்பியவள். ஆட்டத்தின் நடுவிலேயே அவள் ஆயுள் முடியப்போகிறது. அது தெரிந்தேதான் இந்திரன் அவளை அனுப்பியிருக்கிறான். அவள் மறைகிறாள். மறைந்த கணத்திலேயே அவளைப் போன்ற இன்னொருத்தியை இந்திரன் அதே இடத்தில் நிறுத்திவிடுகிறான். தாளம் தப்பவில்லை. சபையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அரசருக்கு மட்டும் தெரிகிறது. எழுந்து போய்விடுகிறார். அரசு, பிள்ளைகள், சபை எல்லாம் பின்னால் நிற்கின்றன. 9-ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் ஆதிபுராணத்தில் இதை எழுதினார். தமிழ்ச் சமணர்களுக்கு ஸ்ரீபுராணத்தின் வழியாக வந்தது.

என் நண்பர் ஒருவர் நல்ல கவி. ஏழெட்டு வருஷங்களுக்கு முன் எழுதுவதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னார். தெளிவு வந்தபின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானேன் என்றார். தத்துவம் படித்தவரிடம் பி.ஏ. ஆங்கிலம் படித்த குமாஸ்தா என்ன வாதாடுவது? பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். ஆனால் அவர் சொன்னது உள்ளே தங்கிவிட்டது. ஒரு தத்துவம் அரசனிடம் எதைக் கேட்கிறது, கலையிடம் எதைக் கேட்கிறது என்ற கேள்வியாக அது மாறிவிட்டது. நம் சரித்திரப் புஸ்தகங்கள் இதற்கு உதவுவதில்லை. இன்ன அரசன் சமணத்தை விட்டுச் சைவத்துக்கு மாறினான் என்று ஒரு வரியில், கட்சி மாறிய செய்தி போல எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அவன் மாறியபோது அவன் முன்னால் நடந்துகொண்டிருந்த ஆட்டம் என்னவாயிற்று?

துடியலூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய இடங்கள் அரச்சலூர், விஜயமங்கலம், பேரூர். முதல் இரண்டும் ஈரோட்டுப் பக்கம். பேரூர் கோவையை ஒட்டி நொய்யல் கரையில். ஞாயிற்றுக்கிழமைகளில் இம்மூன்றுக்கும் போய்வந்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

அரச்சலூர் நாகமலையில் கல்படுக்கைகள் உள்ள ஒரு குகை இருக்கிறது. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. பழைய தமிழ் எழுத்து வட்டெழுத்தாக வளைய ஆரம்பித்திருந்த சமயம். அங்கே ஐந்து வரிகள், வரிக்கு ஐந்து எழுத்துகளாகப் பாறையில் வெட்டியிருக்கிறது. த, தை, தா, தே என்ற நான்கு அசைகள்தான். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், மேலிருந்து இறங்கினாலும் கீழிருந்து ஏறினாலும் அதுவே வருகிறது. ஆடுகிற காலுக்கான சொற்கட்டு. இதை உலகுக்குக் காட்டியவர் புலவர் செ. இராசு. எழுத்துகளைப் புணர்த்தவன் பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன்.

வண்ணக்கன் என்றால் நாணயத்தையோ மணியையோ சோதித்துத் தரம் சொல்கிறவன். சங்கப் புலவர்களிலும் வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று ஒருவர் உண்டு. நோட்டை இயந்திரம் எண்ணுகிற இந்த நாளிலும், சந்தேகம் வந்தால் கவுண்டரில் இருப்பவன் விரல் நுனியால்தான் தாளைத் தடவிப் பார்க்கிறான். எங்கள் தொழில்காரன் ஒருவன் ஏறத்தாழ 1700 வருஷங்களுக்கு முன் துறவிகள் படுத்த குகையில் ஆட்டத்துக்குச் சொல் கோத்துவிட்டுப் போயிருக்கிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருப்பதை மறைக்கவில்லை.

சமணம் கொங்குக்கு எப்படி வந்தது என்பதற்கு இவனே விடை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரநாட்டுத் துறைமுகங்களுக்கும் உள்நாட்டுக்கும் போன பெருவழி இந்தப் பக்கமாகத்தான் போயிற்று. கொடுமணலில் மணிகள் அறுத்தார்கள். கோவை வட்டாரத்து மண்ணில் ரோமானிய வெள்ளிக் காசுகள் குடம் குடமாகக் கிடைத்திருக்கின்றன. வணிகச் சாத்தோடு துறவியும் நடந்தான். கிரேக்கத்தில் பிளேட்டோ தன் தத்துவத்தைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி சிரக்கூஸ் அரசனிடமே நேராகப் போய்த் தோற்றுத் திரும்பினார். வால்டேர் பிரஷ்ய அரசன் பிரெடரிக்கிடம் 1750-ல் போய் மூன்று வருஷத்தில் மனம் கசந்து வெளியேறினார். இங்கே வந்த துறவிகள் அப்படி அரண்மனைக் கதவைத் தட்டியதாகத் தெரியவில்லை. பொன் வாணிகனும் வண்ணக்கனும் படுக்கை வெட்டிக் கொடுத்தார்கள். அரசன் அப்புறம் வந்தான்.

வந்ததற்கு அத்தாட்சி கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் இருக்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று சேரர் மூன்று தலைமுறை அதில் வருகிறது. பதிற்றுப்பத்துச் சேரர்களோடு இவர்களை ஐராவதம் மகாதேவன் 1960-களில் பொருத்திக் காட்டிய பிறகு சங்ககாலச் சரித்திரமே இந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இளங்கடுங்கோ இளவரசனான சந்தர்ப்பத்தில் செங்காயபன் என்ற முதிய அமணனுக்கு உறைவிடம் வெட்டிக் கொடுக்கப்படுகிறது. அரசை ஏற்கப் போகிறவன், எல்லாவற்றையும் விட்டுவிட்டவனுக்கு ஒரு கல்படுக்கை தருகிறான். இந்த அளவுக்குத்தான் ஒப்பந்தம். துறவி அரசனைத் துறவியாகச் சொல்லவில்லை, அரசனும் ஆகவில்லை. ஆனால் துறவியே தன்னை விடப் பெரியவன் என்று அரசன் கல்லில் ஒப்புக்கொண்டாயிற்று. ஓர் அரசமரபுக்குள் தத்துவம் நுழைவது இப்படித்தான் என்று நினைக்கிறேன். சட்டங்கள் அப்படியே இருக்கும். யாரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும் என்பது மட்டும் மாறும்.

இந்த மாற்றம் வேர்பிடித்த பிறகுதான் நீலாஞ்சனையின் கதைக்குப் பொருள் வருகிறது. சமணம் கலையை வெறுத்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அப்படியானால் அரச்சலூர்ச் சொற்கட்டு ஏன் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது? ஆடலையும் அரங்கையும் அளவு சொல்லி விவரித்த சிலப்பதிகாரம் ஏன் அரசு துறந்த இளங்கோவின் பேரில் இருக்கிறது? சமணம் கலையை வெறுக்கவில்லை. அதற்கு ஒரு வேலை வைத்தது. பார்த்துக்கொண்டிருப்பவன் ஒரு கணத்தில் எழுந்து போகவேண்டும். அதற்காகவே ஆட்டம் அவ்வளவு நன்றாக இருக்கவேண்டும். மட்டமான ஆட்டத்தை விட்டு யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம். அதில் துறவு எங்கே இருக்கிறது?

இந்த வேலையைக் கொங்கு நாட்டிலேயே ஏற்றுக்கொண்ட காவியம் பெருங்கதை. எழுதியவர் கொங்குவேளிர். விஜயமங்கலத்துக்காரர் என்பது மரபு. வேளிர் என்ற பெயரே ஆளும் குடியைச் சேர்ந்தவர் என்று சொல்கிறது. காலம் 7-ஆம் நூற்றாண்டை ஒட்டி என்பார்கள். இன்னும் பின்னே தள்ளுகிறவர்களும் உண்டு. குணாட்டியர் பைசாச மொழியில் செய்த பிருகத்கதைதான் மூலம். அதைக் கங்க அரசன் துர்விநீதன் வடமொழியில் செய்தான் என்று கங்கர் செப்பேடு சொல்கிறது. அரசனே மொழிபெயர்ப்பாளனாகிறான், வேளே கவியாகிறான் என்றால் தத்துவம் அரண்மனைக்குள் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று பாருங்கள்.

கதாநாயகன் உதயணன். மதம் கொண்ட யானையையும் யாழால் அடக்குகிறவன். அவனைப் பிடிக்க உஞ்சை அரசன் பிரச்சோதனன் ஒரு பொய் யானையைச் செய்வித்து, உள்ளே வீரர்களை வைத்துக் காட்டில் நிறுத்துகிறான். உதயணன் மாட்டிக்கொள்கிறான். உயிருள்ள எந்த யானையாலும் முடியாததைத் தச்சன் செய்த யானை செய்துவிடுகிறது. அப்புறம் சிறை, வாசவதத்தைக்கு யாழ் கற்பித்தல், அமைச்சன் யூகியின் சூழ்ச்சிகள், அவளோடு யானைமேல் தப்பித்தல், அவள் தீயில் இறந்துவிட்டாள் என்று அவனை நம்பவைத்தல், மகதத்தில் இன்னொரு கல்யாணம் என்று கதை பல ஆயிரம் அடிகள் போகிறது. ஆசிரியப்பாவின் நடை அலுக்காமல் நகர்கிறது. வாசவதத்தையின் கதையைப் பாஸனும் நாடகமாகச் செய்திருக்கிறான். இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாஸனிடம் இருக்கிற மென்மை கொங்குவேளிரிடம் இல்லை. அவரிடம் இருப்பது பொருள்களின் நெருக்கம். வீதி, கொட்டில், கட்டில், கருவி, யானைக் கயிறு எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்தவர் எழுதியது அது. துறவைச் சொல்ல வந்த கவிக்கு உலகம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

துறவைச் சொல்ல வந்தவர் என்கிறேன். ஆனால் அந்தத் துறவு நம் கையில் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1924-ல் பெருங்கதையை அச்சிட்டபோது அவருக்குக் கிடைத்த ஏட்டில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. உதயணன் அரசைத் துறக்கிற பகுதி போய்விட்டது. பின்னால் வந்த உதயணகுமார காவியம் என்ற சிறு நூலில் துறவுக் காண்டம் இருக்கிறது. ஆனால் அது எலும்புக்கூடு. கொங்குவேளிர் மூன்று பிறவி எடுத்து இந்த நூலை முடித்தார் என்று கொங்கு நாட்டில் ஒரு கதை. மூன்று பிறவி எடுத்து முடித்த முடிவு நமக்கு இல்லை. யாழும் யானையும் காதலும் மிஞ்சியிருக்கின்றன. எதற்காக இவை எல்லாம் சொல்லப்பட்டனவோ அந்தக் கணத்துக்கு முன்னாலேயே ஏடு நின்றுவிடுகிறது.

யாரும் சதி செய்யவில்லை. சுவடியில் முதல் ஏடும் கடைசி ஏடும்தான் முதலில் நொறுங்கும். ஆனால் நொறுங்குவதற்குள் புது ஏட்டில் பெயர்த்து எழுதுகிறவன் ஒருவன் வேண்டும். அவனுக்குச் சோறு வேண்டும். அந்தச் சோறு எந்தப் பக்கம் போயிற்று என்று பார்த்தால் தத்துவங்களின் சரித்திரத்தில் பாதி தெரிந்துவிடும்.

இங்கேதான் மாறிய அரசர்களின் கதைகள் வருகின்றன. அப்பரின் பெருமையைக் கண்டு பல்லவன் சமணத்தை விட்டான் என்பது பெரியபுராணம். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்று கொள்வது வழக்கம். பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டு. மகேந்திரன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இடையில் 500 வருஷம். அவனே விட்டுச்சென்ற சான்றுகளில் வேறொரு ஆள் தெரிகிறான். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் ஆலயம் செய்ததாகப் பெருமைப்படுகிறான். தெய்வங்களை விடக் கட்டுமானப் பொருள்மேல்தான் அந்த வரிக்கு அக்கறை அதிகம். மத்தவிலாசத்தில் கபாலிகனையும் பௌத்த பிக்ஷுவையும் பாசுபதனையும் ஒரே மண்டையோட்டுக்காக அடித்துக்கொள்ளவிட்டுச் சிரிக்கிறான். சித்திரகாரப்புலி என்பது அவன் பட்டங்களில் ஒன்று. திருச்சி மலைக் குகையில் லிங்கத்தால் அவன் மனம் திரும்பியதைச் சொல்வதாக ஒரு சுலோகம் உண்டு. அந்தச் சொற்களுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மதம் மாறினானோ இல்லையோ, அவன் கண்டுபிடித்தது பாறையில் தெய்வத்துக்கு வீடு குடையலாம் என்பதை. முன்பு அதே மாதிரிப் பாறையில் துறவிக்குப் படுக்கை வெட்டினார்கள். உளி அதேதான், படுத்திருப்பவர் மாறிவிட்டார்.

பாண்டியன் கதையும் இப்படித்தான். சம்பந்தர் வந்தார், வெப்புநோய் தீர்ந்தது, சமணர் கழுவேறினர், மதுரையில் சமணம் முடிந்தது என்கிறார்கள். முடிந்திருந்தால் கழுகுமலையில் அத்தனை தீர்த்தங்கரர்களை யார் செதுக்கினார்கள்? ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசல் குகையைப் புதுப்பிக்கிறார். அங்கே தாமரைக் குளத்தில் பூப்பறிக்கிறவர்களையும் தூணில் ஆடுகிற பெண்களையும் பார்த்தவர்கள், தோற்றுப்போன மதத்தின் கடைசி மூச்சு அது என்று சொல்லமாட்டார்கள். அரசர்கள் ஒரே நாளில் மாறவில்லை. பல காலம் இரண்டு பக்கமும் கொடுத்தார்கள்.

ஆனால் கணக்கில் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே வந்தது. கொங்கில் அது தெரிகிற இடம் பேரூர். 8-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் மேலைக் கொங்கின் அரசனைப் பிடித்து மதுரையில் சிறைவைத்தான். அதோடு காஞ்சிவாய்ப் பேரூரில் திருமாலுக்கு மலைபோல ஒரு கோயில் எடுத்தான் என்று அவனுடைய செப்பேடு சொல்கிறது. காஞ்சி என்பது நொய்யலின் பழைய பெயர். அதே காஞ்சிவாய்ப் பேரூரைச் சுந்தரர் தில்லைப் பதிகத்தில் சிவனுடைய ஊராக நினைவுகூர்கிறார். அதே நூற்றாண்டை ஒட்டி அதியர் குலத்துக் குணசீலன் நாமக்கல்லில் பாறை குடைந்து விஷ்ணு கிருகம் செய்கிறான். அதியரும் பாண்டியரும் ஒருவரோடொருவர் போரிட்டவர்கள். எதிரிகள் இருவரும் ஒரே மாதிரி காரியம் செய்கிறார்கள். ஒரு தத்துவம் வென்றுவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை. வென்றவனும் கோயில் கட்டுகிறான், தோற்றவனும் கட்டுகிறான், யாருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஏன் என்று நான் கேட்டுப் பார்க்கிறேன். கைலாசபதி 1966-ல் வந்த தம் நூலில் ஒரு விடை சொன்னார். சமணம் வணிகரின் பக்கம், பக்தி நிலவுடைமையாளரின் பக்கம், நாயன்மாருடைய வெற்றி நிலத்தின் வெற்றி என்று. அதை வாய்ப்பாடாகப் பேசிக் கெடுத்தவர்கள் பலர் என்றாலும் அதில் உண்மை இருக்கிறது. சாத்தோடு நடந்த மதம் ஊரோடு ஊன்றிய மதத்திடம் இடம் இழந்தது. ஆனால் இந்த விடை கலையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறது. நிலவுடைமையாளனுக்கு ஏன் பண் தேவைப்பட்டது, ஏன் செப்புத்திருமேனி தேவைப்பட்டது, ஏன் ஆட்டம் தேவைப்பட்டது என்று அது சொல்வதில்லை. என் விடை எளியது. சமணத் தத்துவம் அரசனிடம் கடைசியாகக் கேட்டது அவன் போய்விடவேண்டும் என்பதை. பக்தி அவனை இருக்கச் சொன்னது. தெய்வத்துக்கும் அரசனைப்போல ஊர் உண்டு, ஆறு உண்டு, பள்ளியெழுச்சி உண்டு, உலா உண்டு. தமிழில் இரண்டு பேர் வீட்டுக்கும் கோயில் என்றே பெயர். பதிகத்துக்குப் பதிகம் ஓர் ஊர்ப் பெயர் வருகிறது. பெயர் வந்த ஊரில் வீடு எழுப்புவதே அரசனுக்குத் துறவாயிற்று. சைவத்திலும் அரசு வேண்டாமென்று போனவர் உண்டு. சேரமான் பெருமாள் சுந்தரரின் பின்னால் கயிலைக்கே போனார். ஆனால் குதிரை ஏறிப் போனார். போன இடத்தில் ஓர் உலாவும் பாடினார்!

இதன் முழு உருவம் தஞ்சையில். பெரிய கோயிலில் நடராசருக்கு ஆடவல்லான் என்று பெயர். கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றிய பட்டியல் அவனுடைய 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். திருப்பதியம் பாட 48 பேர், கொட்ட 2 பேர், நாளுக்கு முக்குறுணி. வேலை முடிந்த மாலைகளில் அதைப் படிக்கும்போது இன்னும் ஆபீசிலேயே இருப்பதுபோல் எனக்குத் தோன்றியிருக்கிறது. அவ்வளவு சுத்தமான பேரேடு. அதில் ஓர் ஏற்பாடு வருகிறது. இவர்களில் செத்துப்போனவர்களுக்கும் ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் தலைமாறாக அடுத்த உறவுமுறையார் அந்தக் காணியைப் பெற்றுப் பணி செய்யவேண்டும். அவர்களுக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ளவரை வைத்துச் செய்விக்கவேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு நீலாஞ்சனை ஞாபகம் வந்தாள். ஆடுகிறவள் இறந்தால் அவள் இடத்தில் இன்னொருத்தி. இந்திரன் யாருக்கும் தெரியாமல் ஒருதரம் செய்ததைச் சோழன் கல்லில் வெட்டி விதியாக்கிவிட்டான். அந்தக் கதையில் மாற்றாள் வந்ததை அரசன் கண்டுபிடித்து எழுந்து போகிறான். இங்கே மாற்றாளை நியமிக்கிறவனே அரசன். ஆட்டம் நிற்கக் கூடாது. நின்றால் சந்திராதித்தவரை என்று எழுதிய வாக்கு பொய்யாகும். ஆடுகிறவளின் சாவு யாரையும் எழுப்புவதற்காக இல்லை. அது வாரிசு நியமனத்துக்கான ஒரு விவகாரம். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. 400 பெண்களின் பெயரைத் தனித்தனியே கல்லில் எழுதிவைத்த தத்துவம் எதுவோ, அது தனக்குத் தெரியாமலே அவர்களுக்கு ஒரு நியாயம் செய்திருக்கிறது. நீலாஞ்சனைக்குப் பின் வந்து ஆடிய பெண்ணின் பெயரை ஜினசேனர் நமக்குச் சொல்லவில்லை.

சோறு போன பக்கமும் இதுதான். தேவாரச் சுவடிகளையும் தில்லையில் செல் அரித்திருந்ததாகத்தான் கதை. மிச்சத்துக்கு 48 வாய்களும் முக்குறுணி நெல்லும் கிடைத்தன. பெருங்கதையைப் பாட யாரும் நியமிக்கப்படவில்லை. அது படிப்பதற்கான நூல். படிக்கிறவர் குறைந்ததும் ஏடு தனியாகிவிட்டது. சமணம் அதனால் செத்துவிடவில்லை. கங்க மரபினன் சீயகங்கன் கேட்க, பவணந்தி என்ற சமண முனிவர் 13-ஆம் நூற்றாண்டை ஒட்டி நன்னூல் செய்தார். அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் சைவ மடங்களில் பையன்கள் அதைத்தான் நெட்டுருப் போட்டார்கள். பெயரெச்சத்தில் என்ன மதம்!

துடி என்றால் உடுக்கை. எங்கள் ஊர்ப் பெயரிலும் துடி இருக்கிறது, நடராசர் கையிலும் துடி இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கட்ட நான் தலபுராணக்காரன் இல்லை. ஆனால் பேரூர்க் கனகசபையில் நின்றால் எதற்கும் எதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றிவிடும். நாயக்கர் காலத்து வேலை, 17-ஆம் நூற்றாண்டு. பெரிய ஒற்றைக்கல் தூண்களில் ஊர்த்துவ தாண்டவர், அவரோடு போட்டியிட்ட காளி, யானையை உரித்துப் போர்த்தவர், வீரபத்திரர்கள். கூரையில் கல்லாலேயே சங்கிலி தொங்குகிறது. மிகையான கலை, நரம்பு புடைக்கக் கத்துகிற கலை. மகேந்திரனுடைய அமைதியான குகைகளை விரும்புகிறவனுக்கு முதலில் இது தாங்காது. எனக்கும் தாங்கவில்லை. மூன்றாம் தடவை போனபோதுதான் பிட்சாடனர் தூணுக்கு முன் நின்றேன்.

ஆடையில்லாமல், கையில் பிச்சைப் பாத்திரத்தோடு, வீட்டை விட்டவனாக ஒருவர் நிற்கிறார். சிவன் என்று சொல்லாமல் காட்டினால் திகம்பரத் துறவி என்றுதான் நினைப்போம். பிட்சாடனருக்குப் புராணம் வேறு காரணம் சொல்லும். உருவம் வடக்கிலும் பழையதுதான். ஆனால் கொங்கு நாட்டில், புகழூரும் விஜயமங்கலமும் இருக்கிற மண்ணில், அந்த அம்மணத்தைப் பார்த்தவனுக்கு வேறு ஞாபகமும் வந்திருக்கும். கடைசியில் எழுந்து போனவனையும் ஆட்டத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். அவனும் ஒரு தூணில் நிற்கிறான். நடுவில் ஆடுகிறவர் சாகாதவர், மாற்றாள் தேவைப்படாதவர். கட்டிய நாயக்கர்களுக்கு எழுந்து போகவேண்டிய அவசியமே ஏற்பட்டிருக்காது.

விஜயமங்கலத்துக்குப் போனபோது நண்பரையும் அழைத்துப்போனேன். ஊரில் நெட்டைக் கோபுரம் என்று கேட்டால் வழி சொல்வார்கள். சந்திரப்பிரபருக்கான கோயில். எங்களைத் தவிர யாரும் இல்லை. வவ்வால் வாடையும் வெயிலும் இருந்தன. சிரவணபெளகுளத்தில் சுமார் 981-ல் கொம்மடேசுவரரை நிறுத்திய சாமுண்டராயன் கங்க அரசர்களின் அமைச்சன், சேனாபதி. அண்ணனோடு போரிட்டு வென்று, வென்ற கணத்தில் அரசை உதறிவிட்டு, கொடி படர நின்ற பாகுபலியைத்தான் அவன் அத்தனை உயரத்தில் மலைமேல் செதுக்கவைத்தான். அவன் தங்கை புள்ளப்பை விஜயமங்கலத்தில் உணவை நிறுத்தி உயிரை விட்டாள். அவளுடைய நிசீதிகை அங்கே இருக்கிறது. கல்வெட்டு மிகச் சிறியது. அவள் பெயர், அண்ணன் பெயர், நிசீதிகை என்ற சொல். வேறு சங்கதி இல்லை. அமைச்சன் துறவுக்குச் சிலை வைத்தான்; துறந்தவள் அவன் தங்கை. உதயணன் துறக்கிற ஏடு தொலைந்துபோன ஊரில் இவள் கல் தொலையவில்லை.

அவள் எதைப் பார்த்து எழுந்தாள் என்று கல் சொல்லவில்லை. இதை நண்பரிடம் சொன்னேன். நீலாஞ்சனை பற்றியும் தஞ்சாவூர்த் தலைமாறு பற்றியும் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். இப்போதும் பதில் சொல்லவில்லை. குனிந்து கல்வெட்டின் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார். கடைசி எழுத்துக்கு வந்ததும் மறுபடி முதலுக்குப் போனார்.

"வெட்டினவன் அவசரப்படலைங்க" என்றார்.